நசுங்கிய தேசிக்காயும் என் வலது காலும்

“உங்கடை வீட்டிலை ஒருத்தரிட்டையும் கார் ஓட்டுற பெர்மியே இல்லை. நீ பிளேன் ஓட்டப்போறியோ?”

மாமி இதைக் கேட்டபோது அவர் கையில் பாதி கடித்த மீன் ரோல் இருந்தது. மீதியையும் வாயில் போட்டு, மென்று, விழுங்கி, அதன் பிறகும் என் பதிலுக்காகக் காத்திருந்தார். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. “ஓம், ஓட்டப்போறன்” என்றேன். மாமி என் அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். மாமா வீட்டில் கார் இருந்தது. கல்யாண வீடுகளுக்கும் செத்த வீடுகளுக்கும் அந்தக் காரின் பின் இருக்கையில் நெருக்கியடித்துக்கொண்டுதான் நாங்கள் போய்வந்தோம். ஆகவே வாகனங்களைப் பற்றி எங்கள் வீட்டில் எந்தப் பேச்சு வந்தாலும் முடிவு சொல்லும் உரிமை மாமிக்கு இருந்தது.

இருபத்தாறு வயதில் பழங்கதை சொல்ல வந்துவிட்டாளே என்று சிரிக்காதீர்கள். நம் ஆட்களின் கடைத்தெருவான லா ஷப்பலில் என்னோடு வளர்ந்தவர்கள் நீங்கள். பத்து வயதில் பிரெஞ்சு அரசாங்கக் கடிதங்களை வாசித்துப் பெற்றோருக்கு விளங்கப்படுத்தியவர்கள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த அலுவலர்களிடம் பெரிய மனுஷிகளைப் போல வாதாடியவர்கள். நமக்கெல்லாம் சீக்கிரமே வயதாகிவிட்டது.

என் அப்பா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அம்மா மூன்றாம் வகுப்பு. ஊர் ஊராக இடம்பெயர்ந்ததில் இருவருக்கும் பள்ளிக்கூடம் தொலைந்துவிட்டது. ஆகவே நான் ஆறாம் வகுப்பில் காலடி வைத்த அன்றே எங்கள் குடும்பத்தில் ஆகக்கூடப் படித்தவளாகிவிட்டேன். அந்தப் பெருமை எனக்கு நிறையவே இருந்தது. இப்போதும் இருக்கிறது. மறைக்கவில்லை.

மாமி அப்படிக் கேட்டதற்குக் காரணம், பள்ளியிலிருந்து நான் கொண்டுவந்த ஒரு தாள். எங்கள் தொழில்நுட்ப ஆசிரியர், வார இறுதிகளில் சிறிய விமானம் ஓட்டுபவர், பள்ளியில் ஒரு விமான வகுப்பு தொடங்குவதாக அறிவித்திருந்தார். எட்டு இடங்கள்தான். விரும்புகிறவர்களுக்கு வசந்த விடுமுறை முடிந்ததும் கணினியில் ஒரு சோதனை: ஓடுபாதையிலிருந்து கிளம்ப வேண்டும், ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும், இறங்க வேண்டும். தேர்வாகும் எட்டுப் பேரையும் ஜூன் மாதம் உண்மையான விமானத்தில் ஏற்றிப் பறக்கவைப்பார்கள். நான் அதுவரை விமானத்தில் ஏறியதே இல்லை. எங்களிடம் இருந்த அகதிப் பத்திரங்களோடு ஊருக்குப் போக முடியாது. வேறெங்கும் போக எங்களுக்கு யாரும் இல்லை. ஐந்தாம் மாடிச் சன்னலில் இருந்து பார்த்தால் தெரியும் வெள்ளைக் கோடுகள்தான் எனக்குத் தெரிந்த விமானங்கள். அந்த எட்டில் ஒரு இடம் எனக்கு வேண்டும். அவ்வளவுதான்.

மாமி சொன்ன அந்தப் பெர்மி, ஓட்டுநர் உரிமம், அப்பாவின் பழைய காயம். பெர்மிக்காக இரண்டு முறை ஓட்டிக் காட்டி இரண்டு முறையும் விழுந்தவர் அவர். எழுத்துச் சோதனையைத் தாண்டவே நான்கு முறை ஆனது. அந்தக் கேள்விகளைப் பிரெஞ்சிலிருந்து தமிழுக்கு மாற்றி மேசையில் வைத்துச் சொல்லிக்கொடுத்தது நான்தான். வீதி விதிகள் முழுவதும் எனக்கு மனப்பாடம், பன்னிரண்டு வயதிலேயே.

நான்கு நாள் கழித்து அப்பா ஒரு பெரிய பெட்டியோடு வேலையிலிருந்து வந்தார். ஒபர்வில்லியேயில் ஒரு மொத்தக் கடையின் களஞ்சியத்தில் பெட்டி தூக்குவதுதான் அவருக்கு வேலை. மூலை கிழிந்து யாரோ திருப்பி அனுப்பிய பெட்டி. முதலாளியிடம் கேட்டு வாங்கியிருந்தார். மெத்ரோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்ததில் அவருடைய சட்டையெல்லாம் அட்டைத் தூள். உள்ளே ஒரு ஜாய்ஸ்டிக், வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு நெம்புகோல், ஒரு சட்டத்தில் பக்கத்துப் பக்கத்தில் பொருத்திய இரண்டு பெடல்கள்.

அம்மா பெடல்களைத் தூக்கிப் பார்த்தார். “இது தையல் மெசினின்ரை. ஊசிப் பகுதியை விட்டிட்டு வந்திட்டியள்.”

“பெட்டியிலை பிளேன் படம் கிடக்கு. பார்.”

“அப்ப ஏன் ரெண்டு?”

அப்பா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் மெதுவாக, வேண்டுமென்றே மெதுவாக, கையேட்டைப் பிரித்தேன். பதினொரு மொழிகளில் இருந்தது, தமிழில் இல்லை. விமானத்தின் வாலில் படகுக்கு இருப்பது போல ஒரு சுக்கான் இருக்கிறது, இடது பெடலை மிதித்தால் மூக்கு இடப்பக்கம் திரும்பும், வலதை மிதித்தால் வலப்பக்கம், ஒன்று முன்னால் போனால் மற்றது பின்னால் வரும் என்று வாசித்துச் சொன்னேன். ஒரு பேராசிரியையின் குரலில் சொன்னேன் என்று அம்மா இன்றும் நடித்துக் காட்டுவார்.

கணினி மூன்றாம் மாடியில் இருந்த அக்காவுடையது. சென்னையிலிருந்து வந்து இங்கே ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். தன் பழைய கணினியை எங்களுக்குக் கொடுத்து, விமானம் ஓட்டும் சிமுலேட்டர் ஒன்றையும் அதில் ஏற்றிக்கொடுத்தார். “இது ஃப்ரீ வெர்ஷன்தாம்மா. ஒரே ஒரு பிளேன், ஒரே ஒரு ஏர்போர்ட். போதும்ல?” என்றார். எனக்குப் போதும். அடுத்த நாளே தங்கையின் கல்யாணத்துக்காக ஒரு மாதம் சென்னைக்குப் போய்விட்டார். அவர் போகாமல் இருந்திருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது.

ஜாய்ஸ்டிக்கின் அடியில் நான்கு ரப்பர் உறிஞ்சிகள் இருந்தன. மேசையில் வைத்து அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும் என்றது கையேடு. எங்கள் மேசையில் சூரியகாந்திப் பூப் போட்ட பிளாஸ்டிக் விரிப்பு. அந்த விரிப்பை எடுக்க அம்மா சம்மதிக்கவில்லை. உறிஞ்சிகள் விரிப்பில் நன்றாகவே ஒட்டின, ஆனால் விரிப்பு மேசையில் ஒட்டவில்லை. முதல் தரம் விமானத்தை மேலே எழுப்பக் கோலைப் பின்னால் இழுத்தேன். விமானம் எழும்பவில்லை. விரிப்பும் அதன்மேல் இருந்த சொதிச் சட்டியும்தான் என்னை நோக்கி வந்தன. அதன் பிறகு அம்மாவின் மரக்கறி வெட்டும் பலகையில் ஜாய்ஸ்டிக்கை ஒட்டி, பலகையை மடியில் வைத்துக்கொண்டேன். அந்த வசந்த காலம் முழுவதும் என் கைகளில் வெங்காய மணம்.

பெடல்களோ தரையில் வழுக்கின. மிதிக்க மிதிக்கச் சுவரை நோக்கி நகர்ந்து போய்க்கொண்டே இருந்தன. அப்பா இருபது கிலோ அரிசி மூட்டையைக் கொண்டுவந்து முன்னால் முட்டுக்கொடுத்தார். அருமையாக நின்றது. ஆனால் தினமும் மாலை ஆறு மணிக்கு அம்மா அரிசி அளக்கும் சுண்டோடு வந்துவிடுவார்.

“எழும்பு. பிளேனை நிப்பாட்டு. அரிசி எடுக்கோணும்.”

“அம்மா, இறங்கிக்கொண்டிருக்கிறன்!”

“இறங்கிப்போட்டுச் சொல்லு. உலை கொதிக்குது.”

வாரங்கள் போகப் போக அரிசி குறைந்தது, பெடல்கள் மறுபடி வழுக்கத் தொடங்கின. புது மூட்டை வாங்கும் நாள்தான் எனக்கு நல்ல பறப்பு நாள்.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பெடல்களைக் கணினியில் செருகியதும் நான் காலை வைக்கப் போனேன். அம்மா என் முழங்காலைப் பிடித்து நிறுத்தினார்.

“புது வாகனம். தேசிக்காய் வைக்காமல் மிதிக்காதை.”

“அம்மா, இது வாகனம் இல்லை. விளையாட்டுச் சாமான்.”

“காலாலை மிதிக்கிறது. வலப்பக்கம் போகுது, இடப்பக்கம் போகுது. வாகனம் இல்லாமல் வேறை என்ன?”

அப்பா என்னைப் பார்த்தார். நான் கையேட்டைப் பார்த்தேன். அதில் எலுமிச்சையைப் பற்றி ஒன்றும் இல்லை. புதுக் கார் வாங்கினால் நம் ஆட்கள் சில்லுக்கு அடியில் தேசிக்காய் வைத்து நசுக்கித்தானே முதல் ஓட்டம் ஓடுவார்கள்? மாமாவின் காருக்கும் அப்படித்தான் நடந்தது. அந்த நாளில் அம்மா ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தன் வீட்டில் ஒரு புது வாகனத்துக்குத் தேசிக்காய் வைக்கும் நாள் வரும் என்று அம்மா எத்தனை வருடம் காத்திருந்தார் என்பது எனக்கு இப்போதுதான் புரிகிறது. அப்போது எனக்குக் கோபம் மட்டும்தான்.

ஜாய்ஸ்டிக்கின் தலையிலும் பெடல்களிலும் சந்தனமும் குங்குமமும் ஏறின. கற்பூரம் வேண்டாம், பிளாஸ்டிக் உருகிவிடும் என்று நான் போராடி வென்றேன். கீழே கடையில் வாங்கிய இரண்டு தேசிக்காய்களை அம்மா பெடலுக்கு ஒன்றாக அடியில் வைத்தார். வலப்பக்கத்துக் காய் உருண்டு அலமாரிக்கு அடியில் போய்விட்டது. இடப்பக்கத்துக் காய் நல்ல சாறுள்ள காய். அப்பா அம்மா இருவரும் கை கூப்பி நிற்க, நான் இடது காலால் மிதித்தேன். அது நசுங்கிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. வீடு முழுக்க மணத்தது. அம்மா துணியால் வெளியே துடைத்தார். உள்ளே போனதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

இரண்டாம் நாளிலிருந்து விமானம் இடப்பக்கம் இழுக்கத் தொடங்கியது. நான் காலைத் தூக்கியிருந்தாலும் மூக்கு தானாக இடப்பக்கம் போகும்.

“காத்தாயிருக்கும்” என்றார் அப்பா.

“கண்ணூறு. அவ அண்டைக்குச் சிரிச்சிட்டுப் போனவ” என்றார் அம்மா. அவ என்றால் மாமி.

கையேட்டில் கோளாறுகளுக்கான பக்கத்தை மூன்று முறை வாசித்தேன். அளவுகளைத் திருத்திப் பார்த்தேன். பெட்டியில் எழுதியிருந்ததெல்லாம் செய்தேன். கடைசியில், விமானம் என்றால் இப்படித்தான் போலும் என்று முடிவு செய்து, வலது காலை எப்போதும் கொஞ்சம் அழுத்தியே வைத்திருக்கப் பழகினேன். அப்படிப் பிடித்தால் நேராகப் போனது. ஒரு வாரத்தில் அதைப் பற்றி யோசிப்பதே நின்றுவிட்டது. படிக்கும்போதும், சாப்பிடும்போதும், வகுப்பில் இருக்கும்போதும் என் வலது கால் தானாகத் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

எங்கள் சன்னலுக்குக் கீழே உயர்பாலத்தில் மெத்ரோ ஓடும். இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை அலமாரியில் தம்ளர்கள் கிணுகிணுக்கும். அத்தனை வருடமாக அதைக் கேட்டு வாழ்ந்த அம்மா, நான் விமானம் ஓட்டத் தொடங்கிய பிறகு அந்தச் சத்தத்தை என் கணக்கில் எழுதத் தொடங்கினார். “மெதுவா இறக்கு பிள்ளை. கீழ்வீட்டுக்காரி மேலை வரப்போறாள்” என்பார். விளங்கப்படுத்திப் பார்த்து விட்டுவிட்டேன்.

அப்பாவுக்கும் பெடல் ஆசை வந்தது. சாப்பாட்டுக்கு முன் அரை மணி நேரம் அவருடையது. ஆனால் அவர் ஒரு நாளும் பறக்கவில்லை. அவருக்கு மேலே போவதில் விருப்பமில்லை. அவருடைய மூன்றாவது பெர்மிச் சோதனை நெருங்கிக்கொண்டிருந்தது. விமானத்தை நிறுத்துமிடத்திலிருந்து எடுத்து, நிலையத்துப் பாதைகளில் மெல்ல உருட்டிக்கொண்டு திரிவார். கோடு கண்ட இடமெல்லாம் நிற்பார். இடது தோளுக்கு மேலாகத் திரும்பி எங்கள் அலமாரியைப் பார்ப்பார், வலது தோளுக்கு மேலாகத் திரும்பிக் குளிர்சாதனப் பெட்டியைப் பார்ப்பார். சோதனைக்காரர் அதைத்தான் முக்கியமாகக் கவனிப்பார் என்று ஓட்டுநர் பள்ளியில் சொல்லியிருந்தார்களாம்.

ஒரு நாள் ஒரு பெரிய பயணி விமானம் வலப்பக்கத்திலிருந்து வந்தது. அப்பா நின்றுவிட்டார்.

“ஏன் அப்பா நிக்கிறியள்?”

“வலப்பக்கத்தாலை வாறவனுக்குத்தான் முதலிடம். நீதானே படிப்பிச்சனி.”

நான்தான் படிப்பித்தேன். அந்த விமானம் கடந்து போகும்வரை இருவரும் காத்திருந்தோம்.

சோதனை நாள் பிற்பகல் அப்பா வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மா தேத்தண்ணியை வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்பா ஒரு மிடறு குடித்துவிட்டுச் சொன்னார்.

“எல்லாம் நல்லாத்தான் போச்சு. ஒரு சுத்துவட்டம் வந்தது. வலப்பக்கம் திரும்பச் சொன்னவர்.”

“பிறகு?”

“நான் வலது காலாலை திருப்பினன்.”

அம்மாவுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. காரில் வலது காலுக்கு அடியில் இருப்பது வேகத்தைக் கூட்டும் பெடல். திரும்பாத காரைத் திருப்ப அப்பா இன்னும் அழுத்தியிருக்கிறார். சுற்றுவட்டத்தின் நடுவில் இருந்த பூப்பாத்தியின் விளிம்பில், சோதனைக்காரர் தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்துக் காரை நிறுத்தியிருக்கிறார்.

நான் சிரித்துவிட்டேன். அடக்கத்தான் பார்த்தேன், முடியவில்லை. அப்பா எழுந்தார். வயர்களைப் பிடுங்கி, பெடல்களையும் ஜாய்ஸ்டிக்கையும் பெட்டியில் போட்டு, அலமாரியின் உச்சியில் தூக்கி வைத்தார். என் சோதனைக்கு ஒன்பது நாள் இருந்தது.

நான் கெஞ்சவில்லை. கெஞ்சும் பழக்கம் எனக்கு இல்லை. இரண்டு செருப்புகளைத் தரையில் வைத்து, அகப்பையைக் கையில் பிடித்து, வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு மூன்று நாள் விமானம் ஓட்டினேன். மூன்றாம் நாள் அம்மா அகப்பையைக் கேட்டு வந்தபோது, இறங்கிவிட்டுத் தருகிறேன் என்றேன். அடுப்படியிலிருந்து அதைக் கேட்ட அப்பா வந்து பெட்டியை இறக்கினார்.

“என்ரை சோதினை முடிஞ்சுது. உன்ரை சோதினை கிடக்கெல்லே” என்றார். மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரியவில்லை. பெட்டியின் மறுபக்கத்தைப் பிடித்து இறக்க உதவினேன்.

சோதனை பள்ளி நூலகத்தில் நடந்தது. இருபத்திரண்டு பேர் வந்திருந்தார்கள். பள்ளியின் பெடல்கள் ஒரு பலகையில் திருகாணி போட்டுப் பூட்டியிருந்தன, அரிசி மூட்டை தேவையில்லை. ஆசிரியர் எங்கள் பின்னால் குறிப்பேட்டோடு உட்கார்ந்திருந்தார். எனக்கு முன்னால் போன ஒவ்வொருவரும் வேகத்தைக் கூட்டியதும் ஓடுபாதையை விட்டு இடப்பக்கப் புல்லுக்குள் போனார்கள். சிலர் புல்லிலிருந்தே கிளம்பினார்கள். ஒரு பெண் வேலியைத் தாண்டினாள்.

என் முறை வந்தது. வேகத்தைக் கூட்டினேன். விமானம் நடுக்கோட்டைப் பிடித்துக்கொண்டு நூல் பிடித்தது போல ஓடி, எழுந்தது. ஆசிரியர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

“நில்லுங்கள், எல்லோரும் இவளுடைய வலது காலைப் பாருங்கள்” என்றார். ஒற்றைக் காற்றாடி விமானத்தில் முழு வேகம் கொடுத்தால் மூக்கு இடப்பக்கம் இழுக்கும், வலது காலால் பிடிக்க வேண்டும், பெரியவர்களே பத்து மணி நேரம் பறந்துதான் இதைப் பழகுவார்கள் என்று விளக்கினார். “இதை உனக்கு யார் சொல்லித்தந்தது?”

“நானே பழகினேன்” என்றேன். எவ்வளவு தலைக்கனம்! நூலகத்தில் இருந்த எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தும் கொண்டேன்.

பிறகு இறங்க வேண்டியிருந்தது. இறங்கும்போது வேகத்தைக் குறைக்க வேண்டும். குறைத்தால் இடப்பக்க இழுப்பு போய்விடும், வலது காலையும் எடுக்க வேண்டும். என் கால் எடுக்கவில்லை. எடுக்க வேண்டும் என்பதே அதற்குத் தெரியாது. விமானம் வலப்பக்கம் சாய்ந்து சாய்ந்து போய், ஓடுபாதையை விட்டு, புல்லையும் கடந்து, ஒரு கொட்டகையின் கதவுக்கு முன்னால் மூக்கைக் குத்தி நின்றது. நூலகம் முழுவதும் சிரித்தது. வேலி தாண்டிய பெண் ஆகக் கூடுதலாகச் சிரித்தாள். நான் பதினோராவது.

எல்லோரும் போனபிறகு ஆசிரியர் கேட்டார். “கிளம்பும்போது அவ்வளவு சரியாகச் செய்தவள் ஏன் கடைசிவரை காலை எடுக்கவில்லை?”

வீட்டில் இருப்பது இடப்பக்கம் இழுக்கும் என்று சொன்னேன். எப்போதுமா என்றார். எப்போதும் என்றேன். “நாளைக்கு அதைக் கொண்டு வா.”

அடுத்த நாள் அம்மாவும் வந்தார். பொருளைத் தனியாகக் கொடுத்துவிட்டால் மாற்றிவிடுவார்கள் என்பது அவர் பயம். சந்தைக்குப் போகும் இழுவைப் பையில் பெடல்களை வைத்து, கடைத்தெரு வழியாக இழுத்துக்கொண்டு போனோம். என் பள்ளிக்குள் அம்மா நுழைந்தது அதுதான் முதல் தடவை. நல்ல சேலை உடுத்தியிருந்தார்.

ஆசிரியர் திருகாணிகளைக் கழற்றினார். இடது பெடலின் அடி மூடி திறந்ததும் ஒரு புளித்த மணம் வந்தது. உள்ளே காய்ந்து சுருண்ட தோல் துண்டு, நான்கைந்து விதைகள், செப்புத் தகட்டின் மேல் பச்சையாகப் பூத்த களிம்பு. சந்தனமும் கொஞ்சம் இருந்தது. ஆசிரியர் ஒரு விதையை இடுக்கியால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

“இது என்ன?”

நான் உடனே சொன்னேன், பிரெஞ்சில்: “லிமோனாட் ஊத்துப்பட்டுவிட்டது.”

அம்மா நிமிர்ந்தார். காலையில் ஒரு காப்பிக்கடையைக் கூட்டித் துடைப்பவர் அவர். லிமோனாட் என்பது போத்தல் சோடா என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

“ஏன் பொய் சொல்லுறாய்? தேசிக்காய் எண்டு சொல்லு. நான்தான் வைச்சனான் எண்டு சொல்லு. ஏன் வைச்சனான் எண்டும் சொல்லு.”

எனக்கு முகம் எரிந்தது. மொழிபெயர்ப்பாளராக அத்தனை வருடம் இருந்தவள் முதல் தடவையாக ஒரு வசனத்தையும் தவறவிடாமல், ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தேன். புது வாகனம். முதல் ஓட்டத்துக்கு முன் தேசிக்காய். கண்ணூறு படாமல் இருக்க.

ஆசிரியர் கவனமாகக் கேட்டார். பிறகு அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: “எங்கள் கழகத்தில் புது விமானம் வந்தால் மூக்கில் ஷாம்பெய்ன் ஊற்றுவோம், மதாம். ஆனால் வெளியே மட்டும்தான்.”

நான் தமிழில் சொன்னேன். அம்மா யோசித்தார். “சாராயமோ? பிளேனுக்கோ? விழுந்திடாதோ எண்டு கேள்.”

கேட்டேன். இதுவரை விழவில்லை என்றார் ஆசிரியர்.

பழுதான கருவியில் பழகியவளுக்கு இன்னொரு வாய்ப்புத் தருவது சரி, ஆனால் ஒருத்திக்கு மட்டும் தருவது சரியில்லை என்பது அவர் தீர்ப்பு. அடுத்த வியாழக்கிழமை எல்லோருக்கும் மறுபடி சோதனை. ஏற்கெனவே எட்டுக்குள் வந்திருந்தவர்கள் என்னை எப்படிப் பார்த்தார்கள் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

சுத்தம் செய்த பெடல்கள் நேராக வேலை செய்தன. பழுது இப்போது என் காலில். ஒவ்வொரு இறக்கத்திலும் வலப்பக்கப் புல்தான். திங்கட்கிழமை ஏழு தடவை, செவ்வாய்க்கிழமை ஒன்பது தடவை. “தெரியும், எடுக்கோணும் எண்டு தெரியும்!” என்று கத்திக்கொண்டே மிதிப்பேன்.

அப்பா வேலையிலிருந்து வந்து பின்னால் நின்று பார்த்தார். “எனக்கும் தெரியும்தான்” என்றார். “அந்தச் சுத்துவட்டத்திலை எனக்குத் தெரியாமலோ மிதிச்சனான்? தலைக்குத் தெரியும். காலுக்கு ஆர் சொல்லுறது?”

அவர் தரையில் உட்கார்ந்தார். பெட்டி தூக்கித் தடித்துப்போன தன் வலது கையை, வலது பெடலின் மேல், என் பாதத்துக்கு அடியில் வைத்தார்.

“இனி ஓட்டு. கிளம்பேக்கை கையை எடுக்கிறன். இறங்கேக்கை வைப்பன். நீ மிதிச்சால் என்ரை விரல்தான்.”

முதல் மூன்று இறக்கங்களில் அவர் விரல்களை நசுக்கினேன். அவர் ஆ என்று ஒரு சத்தம் போட்டார், கையை எடுக்கவில்லை. நான்காவதில் கால் தயங்கியது. பத்தாவதில் என் பாதம் அவர் கைமேல் இறகு போலக் கிடந்தது, விமானம் நடுக்கோட்டில் இறங்கியது. அம்மா சுண்டோடு வந்து, நாங்கள் இருந்த கோலத்தைப் பார்த்து, அரிசி எடுக்காமலே திரும்பிப் போனார். அன்று சோறு இல்லை, பேக்கரிப் பாண்தான் சாப்பிட்டோம்.

வியாழக்கிழமை நான் நேராகக் கிளம்பினேன், நேராக இறங்கினேன். ஆனால் சுற்றின் நடுவில் உயரத்தைக் கொஞ்சம் கோட்டைவிட்டதால் ஏழாவதாகத்தான் வந்தேன். பதின்மூன்று வருடமாகியும் அந்த ஏழாவது எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. வேலி தாண்டிய பெண் இரண்டாவது.

பெடல்கள் இப்போது எங்களிடம் இல்லை. புறநகரில் கார்ஜுக்குக் குடிபோனபோது நிலவறையில் வைத்த பெட்டிகளில் ஒன்று குறைந்துவிட்டது. அதுதான் அது. அப்பா இரண்டு வருடம் கழித்து தானாகக் கியர் மாறும் காரில் பெர்மி எடுத்தார்.

ஜூன் மாதத்து விமானத்தில் நான் வலது இருக்கையில் உட்கார்ந்தேன். கட்டளை இடது இருக்கையில் இருப்பவருடையது என்று ஆசிரியர் முதலிலேயே சொல்லியிருந்தார். மேலே போனதும் பெடல்களில் காலை வைத்துப் பார்க்கச் சொன்னார். அவை கனமாக இருந்தன, உயிருள்ளவை போல என் பாதங்களைத் திருப்பித் தள்ளின. வயல்கள் சிறிதாகிக்கொண்டே போயின. பத்தொன்பது நிமிடம். இறங்கியதும் என் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இடப்பக்கம் எப்போது உட்காரலாம்?

படித்து, வேலை எடுத்து, வீட்டுக்குச் செய்ய வேண்டியதைச் செய்து முடிக்க இத்தனை வருடம் எடுத்தது. இந்த மார்ச் மாதம் மருத்துவச் சான்றிதழ் வாங்கினேன். விமானக் கழகத்தின் படிவத்தை நிரப்பினேன். அதில் தகப்பன் தாய் கையெழுத்துக்கு இடமே இல்லை, என் கையெழுத்து மட்டும்தான். போன சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு முதல் பாடம். பயிற்சி தருபவர் விமானத்தின் கதவைத் திறந்துவிட்டு, வலப்பக்கமாகச் சுற்றிப் போய்த் தன் இருக்கையில் ஏறினார். நான் இடது இருக்கையில் உட்கார்ந்து, பட்டியைப் பூட்டி, கதவைச் சாத்தினேன்.